பங்காளிக்குக் கழிவிலும் பங்கு உண்டு

தமிழில் பங்காளி என்ற சொல்லை யாரும் லேசாகப் பயன்படுத்துவதில்லை. பங்காளி என்றால் சொத்தில் உரிமை உள்ளவன். தாத்தா வைத்துவிட்டுப் போன கடனிலும் அவனுக்குப் பங்கு உண்டு. சாவு விழுந்தால் தீட்டு அவன் வீட்டுக்கும் சேரும். வரவு வரும்போது முன்வரிசையில் நின்றுவிட்டு, கடன்காரன் வாசலுக்கு வந்ததும் பின்பக்கமாக நழுவுகிறவனுக்கு நம் ஊரில் வேறு பெயர்கள் இருக்கின்றன. அதை இங்கே எழுத வேண்டாம்.

2025 அக்டோபர் 26 அன்று, கோலாலம்பூரில் ஆசியான் உச்சநிலை மாநாடு நடந்தபோது, மலேசியாவும் அமெரிக்காவும் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திட்டன. ஒன்று வர்த்தக ஒப்பந்தம். இன்னொன்று முக்கியக் கனிமங்களின் விநியோகச் சங்கிலியைப் பல நாடுகளுக்குப் பரப்புவதற்கும், அதில் முதலீட்டைப் பெருக்குவதற்குமான புரிந்துணர்வு ஒப்பந்தம். அமெரிக்காவுக்குப் போகும் முக்கியக் கனிமங்களுக்கும் அரிய மண் தனிமங்களுக்கும் ஏற்றுமதித் தடையோ அளவுக் கட்டுப்பாடோ விதிக்க மாட்டோம் என்று மலேசியா வாக்குக் கொடுத்தது. 2024 ஜனவரியிலிருந்து பதப்படுத்தாத அரிய மண்ணை வெளியே விடுவதில்லை என்ற நம் கொள்கை அப்படியேதான் இருக்கிறது என்று அமைச்சு விளக்கமும் சொன்னது. இதுபோன்ற ஒவ்வொரு கையெழுத்துக்குப் பிறகும் தவறாமல் ஒரு சொல் வரும். பங்காளித்துவம்.

என் கட்சி ஒன்றுதான். கழிவுக்கு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டு, யார் பணத்தில் என்று எழுதாத எந்தக் கனிம ஒப்பந்தத்தையும் பங்காளித்துவம் என்று அழைக்கக் கூடாது. அதற்குப் பெயர் வாடகை. வாடகைக்கு விடுகிறவன்கூட, "வீட்டைக் காலி பண்றப்ப குப்பைய அள்ளிட்டுப் போங்க"ன்னு சொல்லித்தான் சாவியைக் கொடுப்பான். அதற்கு முன்பணமும் வாங்கி வைத்திருப்பான்.

இலக்கிய இதழில் இது எதற்கு என்று கேட்பீர்கள். சொற்களுக்காகத்தான். 'முக்கியக் கனிமம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு முக்கியம்? அமெரிக்கா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பட்டியல், ஜப்பான் ஒரு பட்டியல். எல்லாம் வாங்குகிறவர்கள் தயாரித்த பட்டியல்கள். கல்லின் மேல் எங்கேயும் 'நான் முக்கியம்' என்று எழுதியிருக்காது. எது கனிமம், எது குப்பை என்பதை மண் தீர்மானிப்பதில்லை. கப்பலோடு வந்து நிற்கிறவன் தீர்மானிக்கிறான். இதற்கு நம்மிடமே நூறு வருடத்துச் சான்று இருக்கிறது.

*கயிற்றில் ஒட்டிய மணல்*

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் இருந்தது. தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி. அங்கே மணல் பிரிக்கும் ஆலை வந்தது. பிறகு வடக்கே சவறாவிலும் ஒன்று.

அப்போது ஐரோப்பாவுக்கு வேண்டியது அரிய மண் இல்லை, தோரியம். கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்குப் பார்த்திருப்பீர்கள், அல்லது அப்பா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்குள் பளீரென்று எரியும் வலை தோரியம் ஆக்சைடால் ஆனது. ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகள் எரிய அதுதான் வேண்டும். மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்த பிறகு மிஞ்சிய அரிய மண்தான் அன்றைய கழிவு. அதை என்ன செய்வதென்று யோசித்து, கடைசியில் சிகரெட் லைட்டரின் தீக்கல்லாக்கினார்கள்.

இன்று கதை தலைகீழ். மின்சாரக் கார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றின் காந்தத்துக்கும் நியோடிமியமும் டிஸ்ப்ரோசியமும் வேண்டும். தோரியம் வேண்டாம். அது இப்போது கழிவு, அதுவும் கதிரியக்கக் கழிவு. அதே மணல், அதே தனிமங்கள். விளக்கு போய்க் காந்தம் வந்தது, அவ்வளவுதான்.

முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டன் அந்த மணலை ஜெர்மானியர் கையிலிருந்து பிடுங்கித் தன் கம்பெனிகளிடம் கொடுத்தது. 'விநியோகச் சங்கிலியை எதிரியிடமிருந்து பாதுகாப்பது' என்று இன்று சொல்வது அதுதான். கரையில் இருந்தவனிடம் அன்று யாரும் கேட்கவில்லை. இந்திய விடுதலைக்குப் பிறகு, 1950-இல், இந்திய அருமண் நிறுவனம் அரசு நிறுவனமாக வந்தது. மணவாளக்குறிச்சியில் அதன் ஆலை இன்றும் ஓடுகிறது. கொஞ்சம் தள்ளி, கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2024-இல் கடலோரக் கிராமங்கள் திரண்டன. ஜெர்மானியன் போனான், வெள்ளைக்காரன் போனான், நம் அரசே வந்துவிட்டது. கரையில் இருப்பவனின் கேள்வி மட்டும் மாறவில்லை.

*லம்பத்துக் குப்பை*

இப்போது இங்கே வருவோம். பினாங்கு ஈயத்தால் வளர்ந்த ஊர். டத்தோ கிராமட் சாலையில் ஓர் உருக்காலை, எதிர்க்கரை பட்டர்வொர்த்தில் இன்னொன்று. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயம் இங்கே உருகி, கட்டிகளாகக் கப்பல் ஏறியது. லம்பங்களில் ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு கரும்மணலாக மிஞ்சியதை 'அமாங்' என்பார்கள். மலைமலையாகக் குவித்து வைத்திருந்த குப்பை. பின்னாளில் அந்தக் குப்பைக்குள்ளும் மோனசைட் இருக்கிறது என்று ஒருவர் கப்பலோடு வந்து நின்றார்.

1979-இல் ஏசியன் ரேர் எர்த் என்ற கூட்டு நிறுவனம் உருவானது. பங்குகளைப் பாருங்கள். ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் (அன்று அதன் பெயர் மிட்சுபிஷி கசெய்) 35 விழுக்காடு, பிஇஎச் மினரல்ஸ் 35, ஹஜ்ஜுப் பயணிகளின் சேமிப்பை நிர்வகிக்கும் தாபோங் ஹாஜி 20, பூமிபுத்ரா வணிகர்கள் சிலர் 10. பன்னாட்டுத் தொழில்நுட்பம், தனியார் முதலீடு, மக்கள் சேமிப்பு. இன்றைய முதலீட்டு மாநாட்டு மேடையில் காட்டினால் கைதட்டல் விழக்கூடிய பட்டியல். ஆலை ஈப்போ அருகே புக்கிட் மேராவில் வந்தது. 1982-இல் உற்பத்தி தொடங்கியது.

தோரியம் கலந்த கழிவை எங்கே போடுவது? முதலில் பாரிட் என்றார்கள், அங்கே மக்கள் எதிர்த்தார்கள். பிறகு பாப்பான் என்றார்கள், அங்கேயும் எதிர்த்தார்கள். ஆலையைக் கொண்டுவந்த பிறகுதான் குப்பைத் தொட்டியைத் தேடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நான்கு பங்காளிகள் உட்கார்ந்து லாபத்தை 35, 35, 20, 10 என்று கணக்காகப் பிரித்த மேசையில், ஐந்தாவதாக ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. அது கடைசியில் புக்கிட் மேராக்காரனின் வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

1985-இல் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் நம் பினாங்கிலிருந்து போன வழக்கறிஞர் மீனாட்சி ராமன். பின்னால் நின்றது எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டபோது, மீனாட்சியும் உள்ளே போனார், புக்கிட் மேரா போராட்டக் குழுவினர் சிலரும் போனார்கள். பின்னாளில் எங்கள் புக்கிட் கெலுகோருக்கு நாடாளுமன்ற உறுப்பினரான கர்ப்பால் சிங்கும் அந்தப் பட்டியலில் இருந்தார். கழிவை எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டது தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து ஆகிவிட்டது.

1992 ஜூலை 11 அன்று உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் நிறுவனம் ஜெயித்தது. ஜெயித்த கையோடு, 1994 ஜனவரியில், ஆலையை மூடப்போவதாக அறிவித்துவிட்டுக் கிளம்பியது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோய்க்கும் ஆலைக்கும் தொடர்பு உண்டு என்பதை நிறுவனம் ஒருபோதும் ஏற்கவில்லை. பொறுப்பை ஏற்காமலேயே, வட்டாரப் பள்ளிகளுக்கு 1,64,000 அமெரிக்க டாலர் நன்கொடை தந்தது. ஆலையை இடித்து, மண்ணைத் தோண்டி, கழிவை மலைக்குள் புதைத்துச் சுத்தம் செய்ய ஆன செலவு சுமார் 10 கோடி டாலர் என்று 2011-இல் செய்தி வந்தது. அந்தச் செலவை மிட்சுபிஷி ஏற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது ஒப்பந்தம் எழுதியவர்களின் முன்யோசனையால் வந்ததல்ல. ஊர்க்காரர்கள் பத்து வருடம் விடாமல் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றதால் வந்தது.

*அது வேறு, இது வேறு*

"அதெல்லாம் பழைய கதைப்பா. குவாந்தான்ல இருக்கிறது புக்கிட் மேரா இல்ல." இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பொறியாளர் நண்பர்கள்தான் அதிகம் சொல்வார்கள். சரிதான், அது வேறு. கெபெங்கில் லைனாஸ் ஆலைக்கு வருவது ஈய லம்பத்து அமாங் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து வரும் தாது. அமாங்கின் மோனசைட்டில் தோரியம் ஏழு விழுக்காடு அளவுக்கு இருக்கும் என்றால், இதில் ஒரு விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள்.

ஆனால் கதிரியக்கம் குறைவு என்பது ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில். குறைவாக இருப்பது, நிறையச் சேர்ந்தால்? 2012-இல் ஆலை ஓடத் தொடங்கியது. 2018-இல் அரசு நியமித்த மறுஆய்வுக் குழு வந்தபோது, கதிரியக்கம் உள்ள எச்சம் மட்டும் நான்கரை லட்சம் டன் சேர்ந்திருந்தது. கதிரியக்கம் இல்லாதது பதினோரு லட்சம் டன். அந்த இரண்டாவதை மண்வளமூட்டியாக வயலில் போடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது, அதற்கு ஒரு வணிகப் பெயரும் வைத்தார்கள். கழிவு எச்சமானது, எச்சம் உரமானது. சொற்கள் எவ்வளவு உழைக்கின்றன பாருங்கள்.

கழிவைத் தாது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று மலேசியா கேட்டது. 2019-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சுரங்க அமைச்சர் தெளிவாகச் சொன்னார்: எடுத்துக்கொள்ள மாட்டோம். மண் அவர்களுடையது, தாது அவர்களுடையது. அதிலிருந்து வந்த எச்சம் மட்டும் எப்படியோ நம்முடையதாகிவிட்டது.

இன்னொரு பக்கம் ஜப்பான். 2010-இல் சீனா அரிய மண்ணை நிறுத்தியதில் அடிபட்ட ஜப்பான், மறுவருடமே தன் அரசு நிறுவனமான ஜோக்மெக், வணிக நிறுவனமான சோஜிட்ஸ் வழியாக லைனாஸில் 25 கோடி அமெரிக்க டாலர் போட்டது. 2023-இல் மறுபடி 20 கோடி ஆஸ்திரேலிய டாலர். பதிலுக்கு, மவுண்ட் வெல்ட் தாதுவிலிருந்து பிரிக்கும் டிஸ்ப்ரோசியத்திலும் டெர்பியத்திலும் 65 விழுக்காடு வரை ஜப்பானுக்கு. ஜப்பானைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் மக்களுக்காகச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், சதவீதத்தையும் எழுதி வாங்கினார்கள். நாம் என்ன எழுதி வாங்கினோம்? லைனாஸுக்கு 12 ஆண்டு வரிச் சலுகை கொடுத்தோம்.

கெபெங்கில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 மே மாதத்தில் அங்கே டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு பிரித்தார்கள், அடுத்த மாதம் டெர்பியம். சீனாவுக்கு வெளியே இதை வணிக அளவில் செய்கிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உலகின் அரிய மண் சுத்திகரிப்பில் சுமார் 90 விழுக்காடு சீனாவிடம் இருக்கிறது. அதற்கு வெளியே நம் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் படித்த பிள்ளைகள் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது பெருமைதான். அரிய மண் உண்மையில் அவ்வளவு அரியது இல்லை. அரியது இரண்டு விஷயம். ஒன்று, பதினைந்து பதினாறு தனிமங்களை நூற்றுக்கணக்கான தொட்டிகள் வழியாகப் படிப்படியாகப் பிரிக்கும் கைப்பக்குவம். மற்றது, கழிவை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் ஓர் ஊர். பேரம் என்றால் இரண்டாவதைக் கொடுக்கும்போது முதலாவது நம் பெயரில் வர வேண்டும். கைப்பக்குவம் கம்பெனியின் பெயரிலும் கழிவு ஊரின் பெயரிலும் இருந்தால் அது என்ன பேரம்?

*தரைவிலை யாருக்கு?*

2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கலிபோர்னியாவில் மவுண்டன் பாஸ் சுரங்கத்தை நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் 40 கோடி டாலருக்குப் பங்கு வாங்க ஒப்புக்கொண்டது. அதோடு ஓர் உத்தரவாதமும் கொடுத்தது. நியோடிமியம்–பிரசியோடிமியம் கிலோ 110 டாலருக்குக் கீழே போனால், வித்தியாசத்தை அரசு தரும். பத்து வருடத்துக்கு.

சந்தையை நம்பு, அரசு தலையிடக் கூடாது என்று உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு ஏன் இப்படிச் செய்தது? அனுபவம். அதே மவுண்டன் பாஸை முன்பு வைத்திருந்த மோலிகார்ப், 2011-இல் ஏறிய விலையை நம்பிக் கடன் வாங்கி, விலை விழுந்ததும் 2015-இல் திவாலானது. இந்தச் சந்தையில் சீனா நினைத்தால் விலையை இறக்கலாம். தனியார் முதலீடு அந்தப் பள்ளத்தில் தனியாக நிற்காது என்று அமெரிக்கர்களுக்குத் தெரியும். தங்கள் கம்பெனிக்குத் தரைவிலை போட்டுக் கொடுத்தார்கள்.

நம் கேள்வி இதுதான். விலை விழுந்தால் அங்கே அரசு பணம் தரும். இங்கே விலை விழுந்து முதலீட்டாளர் கடையைக் கட்டினால், குழிக்குள் இருப்பதை யார் பார்த்துக்கொள்வது? தோரியத்தின் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டு. ஒரு கம்பெனியின் ஆயுள் எத்தனை ஆண்டு?

நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் பக்கத்து ஆலைகளில், பயன்படுத்திய கரைப்பான் ஒரு பீப்பாய் இருந்தால்கூட அதன்மேல் எண் இருக்கும், தேதி இருக்கும், உண்டாக்கியவர் பெயர் இருக்கும். அட்டவணைக் கழிவு பற்றிய 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி 180 நாளுக்கு மேல் அதை வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. உண்டாக்கியவன் பொறுப்பு, அவ்வளவுதான். ஒரு பீப்பாய்க்கு இவ்வளவு கறார் காட்டத் தெரிந்த நாடு, லட்சக்கணக்கான டன்னுக்கு மட்டும் ஏன் கூச்சப்படுகிறது?

*குழாயில் வருவது*

இனி வரப்போவது இன்னொரு வகை. நாட்டில் 1.61 கோடி டன் 'கதிரியக்கமற்ற அரிய மண்' இருக்கிறது என்று அரசு மதிப்பிடுகிறது. மலைச் சரிவுகளின் களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருப்பது. இதை எடுக்கப் பெரிய பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. மலை உச்சியில் வரிசையாகத் துளை போட்டு, அமோனியம் சல்பேட் கரைசலை இறக்குவார்கள். அது மலைக்குள் ஊடுருவி, களிமண்ணிலிருந்து அரிய மண்ணைக் கழற்றிக்கொண்டு அடிவாரத்தில் கசியும். அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டது நிலத்தடி நீருக்கும் ஓடைக்கும் போகும். மியன்மாரின் கச்சின் மாநில மலைகளில் இதே முறையில் எடுத்து, நச்சுக் குட்டைகளும் சரிந்த மலைகளும் மிஞ்சியதை உலகம் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டது.

'கதிரியக்கமற்ற' என்பது உண்மையான சொல்தான். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற சொல். கதிரியக்கம் இல்லை, சரி. அமோனியா?

எங்கள் கெலுகோரில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர். பினாங்கின் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு அங்கிருந்துதான். சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலுக்கடியில் குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. மூடா ஆறு பிறப்பது கெடாவில். அந்த மேட்டுப் பகுதியான சிக் வட்டாரத்தில்தான் 2023-இல் அரிய மண் திருட்டு தொடர்பாக ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியது. மூடா போதாது, பேராக் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வரலாம் என்று பினாங்கு பல வருடமாகக் கேட்கிறது. அந்த ஆற்றின் மேல்பகுதியில், ஹுலு பேராக்கின் கெனரிங்கில்தான், துளை போட்டு எடுக்கும் முன்னோடித் திட்டம் நடக்கிறது. நிலமும் கனிமமும் மாநில அதிகாரம். கெடா கையெழுத்துப் போட்டால் பினாங்கு குடிக்கும். இந்தப் பங்காளித்துவத்தில் நம்மைப் பங்காளி என்று யாராவது சொன்னார்களா?

*கையில் போன் இருக்கே!*

மூன்று வாதங்கள் கட்டாயம் வரும். முதலாவது: "உன் கையில போன் இருக்குல்ல? அதுக்குள்ள என்ன இருக்கு?" இருக்கிறது. அதைச் செய்யும் ஊரில்தான் சம்பளம் வாங்குகிறேன். சோறு தின்கிறவன் விவசாயியின் கடனைப் பற்றிப் பேசக் கூடாதா? பொருளைப் பயன்படுத்துகிறவனுக்குத்தான் அதன் கழிவைப் பற்றிக் கேட்கும் கடமை அதிகம். நான் சுரங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கை முழுதாக எழுதச் சொல்கிறேன்.

இரண்டாவது: "இப்பக் கையெழுத்துப் போடலன்னா வேலை வேற நாட்டுக்குப் போயிடும்." இந்த மிரட்டலை 1972-இல் தடையற்ற தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து பினாங்கு கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று நிலைமை வேறு. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்குக் கட்டுப்பாடு போட்டதும் உலகத்துக் கார் ஆலைகள் அலறின. தேவை அவர்களுக்கு. வாசலில் வந்து நிற்பதும் அவர்கள். அவசரப்படுகிறவனிடம் நாமும் சேர்ந்து அவசரப்பட வேண்டியதில்லை. அந்த அக்டோபரில் நம் பொருள்களின்மேல் 19 விழுக்காடு வரிக்கத்தி தொங்கியது தெரியும். கத்தியின் கீழ் உட்கார்ந்து எழுதிய பத்திரத்துக்குப் பங்காளித்துவம் என்ற பெயர் இன்னும் பொருந்தாது என்பதுதான் என் பேச்சு.

மூன்றாவது வாதம் காப்பிக்கடையில் சூடாக ஓடும்: சீனாவா, அமெரிக்காவா? கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஆள் ஆளுக்கு ஒரு பக்கம். தோரியத்துக்குக் கொடி தெரியாது, அமோனியம் சல்பேட்டுக்கும் தெரியாது. ஜெர்மானியன் போய் வெள்ளைக்காரன் வந்தபோது மணவாளக்குறிச்சிக்காரனுக்கு என்ன கிடைத்ததோ, அதுதான் இதிலும் கிடைக்கும், நாம் கேட்காவிட்டால்.

*மூன்று வரி*

என்ன கேட்பது? நீளமாக எதுவும் வேண்டாம், மூன்று வரி போதும்.

ஒன்று: கழிவின் உரிமையாளர் பெயர். ஆலை மூடிய பிறகும், நிறுவனம் கைமாறினாலும், திவாலானாலும் செல்லும்படி. அதற்கான பணம் முதல் நாளே தனிக் கணக்கில் இருக்க வேண்டும், லாபம் வந்த பிறகு பார்க்கலாம் என்றில்லை.

இரண்டு: வாங்குகிற நாட்டின் பங்கு விழுக்காட்டில் எழுதப்படுவது போல, நம் பங்கும் விழுக்காட்டில் எழுதப்பட வேண்டும். பிரிக்கும் தொழில்நுட்பத்தில் எவ்வளவு, இங்கேயே காந்தமாக்குவது எவ்வளவு, எந்த ஆண்டுக்குள்.

மூன்று: ஆற்றின் கீழே இருப்பவனுக்கும் வாக்கு. மாநில எல்லை மந்திரி பெசாருக்குத்தான், தண்ணீருக்கு இல்லை.

புரிந்துணர்வு ஒப்பந்தம்தானே, சட்டப்படி கட்டாதே என்று சொல்வார்கள். ரொம்ப நல்லது. கட்டாத காகிதத்தில் எழுதிவிட்டுப் போக என்ன தயக்கம்?

இளம் வாசகர்களிடம் ஒரு வார்த்தை. தோட்டத்தைப் பற்றியும் லம்பத்தைப் பற்றியும் நாம் நல்ல கதைகள் எழுதியிருக்கிறோம். பெரும்பாலும் தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு, லம்பம் குளமான பிறகு. இழந்ததை அழகாக எழுதும் கலை நமக்கு நன்றாக வருகிறது. இந்த முறை கொஞ்சம் முன்னாலேயே படிக்கத் தொடங்கலாம். பெரிய திட்டம் ஒன்று வந்தால் அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துமூலம் கருத்துக் கேட்பார்கள். மலாயில் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும், நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். முழுதும் படிக்க வேண்டாம். எச்சம் என்று தலைப்பிட்ட அத்தியாயத்தை மட்டும் எடுத்து, அதில் 'பொறுப்பு' என்ற சொல்லுக்கு எழுவாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், இல்லை என்று எழுதி, கடைசித் தேதிக்குள் அனுப்புங்கள்.